கம்ப்யூட்டர் உங்கள் செல்போனைக் கண்டுகொள்ளவில்லையா?

(உழவர்களுக்கான வானொலி நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



முன்பெல்லாம் பட்டா, சிட்டா, கூட்டுறவுக் கடன் ரசீது எல்லாம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தன. இன்றைக்கு அவற்றில் பாதி சட்டைப்பையில் கிடக்கிற செல்போனுக்குள் இருக்கிறது. மண் பரிசோதனை முடிவு, பயிர்க் காப்பீட்டு ரசீது, புழு விழுந்த இலையின் படம், காற்றில் சாய்ந்த வாழையின் படம், பேரன் பேத்தி படம் எல்லாமே அதில்தான். ஆகவே போனில் இருப்பதை அவ்வப்போது கம்ப்யூட்டருக்கு மாற்றி வைப்பது, விதை நெல்லைத் தனியே எடுத்து வைப்பது போன்ற அவசியமான காரியம்.

ஆனால் அப்படி மாற்றப் போகும்போதுதான் பலருக்கும் சிக்கல் வருகிறது. "சார், ஒயரைச் சொருகினா சார்ஜ் ஏறுது. கம்ப்யூட்டர்ல மட்டும் போன் வரவே மாட்டேங்குது" என்று என்னிடம் சொல்லாத ஊரே இல்லை. உடனே போன் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. கோளாறு எங்கே இருக்கிறது என்று படிப்படியாகப் பார்த்தால், பைசா செலவில்லாமலே பல நேரம் சரியாகிவிடும். அந்த வழிமுறையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கரண்ட் வேறு, பேச்சு வேறு

முதலில் ஒரு அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும். போனையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற முறைக்கு யூ.எஸ்.பி. என்று பெயர். 1996-ஆம் ஆண்டில் வந்தது. சாதாரண யூ.எஸ்.பி. ஒயருக்குள் நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு கம்பிகள் மின்சாரம் கொண்டு போவதற்கு. மற்ற இரண்டும் தகவல் கொண்டு போவதற்கு, அதாவது போனும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வதற்கு.

பம்புசெட்டில் மோட்டார் ஓடும், குழாயில் தண்ணீர் வராது. அப்போது "கரண்ட் இருக்கிறதே, தண்ணீர் ஏன் வரவில்லை" என்று யாரும் கேட்பதில்லை. புட்வால்வைப் பார்ப்போம், குழாயில் காற்று இழுக்கிறதா என்று பார்ப்போம். போனும் அப்படித்தான். சார்ஜ் ஏறுகிறது என்றால் மின்சாரக் கம்பிகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன என்று மட்டும்தான் பொருள். தகவல் கம்பிகள் நன்றாக இருக்கின்றன என்று அதற்குப் பொருளில்லை.

பம்புசெட் பழுதானால் எடுத்தவுடனே மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றுவோமா? மாட்டோம். முதலில் பியூஸ், அடுத்து ஸ்டார்ட்டர், பிறகு குழாய், கடைசியில்தான் மோட்டார். கைக்கு எட்டியதையும் செலவில்லாததையும் முதலில் பார்ப்பதே முறை. இங்கேயும் அதே வரிசையில் போவோம்.

முதல் படி: போனின் பூட்டைத் திறந்து அனுமதி கொடுங்கள்

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-ஆம் பதிப்பு முதற்கொண்டு, கம்ப்யூட்டரில் செருகியதும் போன் சார்ஜ் மட்டும்தான் ஏற்றிக்கொள்ளும். உள்ளே இருக்கும் படங்களைத் தானாகக் காட்டாது. இது கோளாறு அல்ல, பாதுகாப்பு. முன்பின் தெரியாத இடத்தில் சார்ஜ் போடும்போது யாரும் நம்முடைய படங்களையும் காகிதங்களையும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. வீட்டுக்கதவை உள்ளே இருப்பவர்தான் திறக்க வேண்டும் என்பது போல.

ஆகவே போனை ஒயரில் இணைத்தவுடன் திரைப்பூட்டைத் திறந்துவிடுங்கள். திரையின் மேல் விளிம்பிலிருந்து விரலால் கீழே இழுங்கள். 'யூ.எஸ்.பி. மூலம் சார்ஜ் ஆகிறது' என்கிற மாதிரி ஒரு அறிவிப்பு இருக்கும். அதைத் தொட்டால் சில தேர்வுகள் வரும். அதில் 'ஃபைல் டிரான்ஸ்பர்' என்பதைத் தொடுங்கள். போனைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு 'ஃபைல் பரிமாற்றம்' என்பது போல இருக்கும். சில போன்களில் 'எம்.டி.பி.' என்றும் போட்டிருக்கும். எல்லாம் ஒன்றுதான்.

வேலை முடிகிற வரைக்கும் போன் திறந்தே இருக்கட்டும். கம்ப்யூட்டரில் போனின் பெயர் தெரிகிறது, திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை என்றால், பெரும்பாலும் போன் பூட்டியிருக்கிறது அல்லது அனுமதி கொடுக்கவில்லை என்று அர்த்தம். படங்கள் அழிந்துவிட்டன என்று பதற வேண்டாம்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இணைத்ததும் 'இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா' என்கிற கருத்தில் ஒரு கேள்வி வரும். 'டிரஸ்ட்' என்பதைத் தொட்டு, பூட்டு எண்ணைப் போட்டால்தான் படங்கள் தெரியும். விண்டோஸ் கம்ப்யூட்டராக இருந்து அப்போதும் தெரியாவிட்டால், அதில் 'ஆப்பிள் டிவைசஸ்' என்ற செயலியைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது படி: ஒயரை மாற்றிப் பாருங்கள்

மேலே சொன்ன அறிவிப்பே போனில் வரவில்லை, சார்ஜ் மட்டும் ஏறுகிறது என்றால், கம்ப்யூட்டரில் இணைத்திருக்கிறோம் என்பதே போனுக்குத் தெரியவில்லை. முதல் சந்தேகம் ஒயர் மேல்தான் வர வேண்டும்.

சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் மலிவாகக் கிடைக்கிற சில ஒயர்களில் தகவல் கம்பி இரண்டும் இருக்கவே இருக்காது. சார்ஜ் போடுவதற்கென்றே செய்தவை அவை. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பவர் பேங்க், டார்ச்லைட் போன்றவற்றோடு வருகிற குட்டை ஒயர்களிலும் இப்படி உண்டு. வேறு சில ஒயர்கள் நல்லவையாகத்தான் இருக்கும். ஆனால் மடங்கி மடங்கி, முனைக்குப் பக்கத்தில் உள்ளுக்குள்ளே கம்பி அறுந்திருக்கும்.

சோதிப்பது எளிது. போனோடு பெட்டியில் வந்த ஒயர் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால், பக்கத்து வீட்டுப் பையன் படம் மாற்றுவதற்கு எந்த ஒயரைப் பயன்படுத்துகிறானோ அதை வாங்கிப் போட்டுப் பாருங்கள். அதில் வேலை செய்தால் வழக்கு முடிந்தது. புதிதாக வாங்கும்போது, 'சார்ஜுக்கு மட்டும் இல்லை, டேட்டா போகிற கேபிள் வேண்டும்' என்று கேட்டு வாங்க வேண்டும். முடிந்தால் கடையிலேயே இணைத்துப் பார்த்து வாங்குவது நலம்.

மூன்றாவது படி: துளையை மாற்றுங்கள், இரண்டையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்

மேஜைக் கம்ப்யூட்டராக இருந்தால் பெட்டியின் முன்பக்கத் துளையில் சொருகாமல் பின்பக்கத் துளையில் சொருகுங்கள். பின்பக்கத் துளைகள் தாய்ப்பலகையிலேயே இருப்பவை. முன்பக்கத்துக்கு உள்ளே தனி ஒயர் ஓடுகிறது, அது தளர்ந்திருக்கலாம். பல துளை கொண்ட இணைப்புப் பெட்டி வழியாகச் சொருகியிருந்தால் அதை எடுத்துவிட்டு நேராகச் சொருகுங்கள். அந்தத் துளை நல்லதுதானா என்று தெரிய வேண்டுமானால் ஒரு பென் டிரைவையோ மவுஸையோ அதில் சொருகிப் பாருங்கள். அது வேலை செய்தால் துளை நல்லது.

அடுத்து, போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். கம்ப்யூட்டரையும் அப்படியே. விண்டோஸ் கம்ப்யூட்டரில் இதற்கு 'ஷட் டவுன்' கொடுப்பதைவிட 'ரீஸ்டார்ட்' கொடுப்பதே சிறந்தது. அடுத்த முறை சீக்கிரம் திறப்பதற்காக, ஷட் டவுன் செய்யும்போது பழைய நிலையில் ஒரு பகுதியைக் கம்ப்யூட்டர் சேமித்து வைத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

போனில் சார்ஜ் அடியோடு இறங்கியிருந்தால் முதலில் கால் மணி நேரமாவது சார்ஜ் ஏற்றிவிட்டு அப்புறம் பாருங்கள்.

நான்காவது படி: போனின் வாயைப் பாருங்கள்

நம்முடைய போன்கள் களத்து மேட்டிலும் வரப்பிலும் வேட்டி மடியிலும் கிடப்பவை. உமித்தூசி, பஞ்சு, உரத்தூள் எல்லாம் சார்ஜ் துளைக்குள் போய் அடைந்துகொள்ளும். சொருகும்போது அழுத்தி அழுத்தி அடித்தளத்தில் கெட்டியாகிவிடும். அப்போது முனை முழுதாக உள்ளே போகாது. மின்சாரம் போகும், தகவல் போகாது. ஒயரைச் சொருகினால் கிளிக்கென்று உட்காராமல் ஆடுகிறது, சற்றுச் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது என்றால் இதுதான் காரணமாக இருக்கக் கூடும்.

போனை முழுக்க அணைத்துவிட்டு, வெளிச்சத்தில் துளையைப் பாருங்கள். மரத்தாலான பல்குத்தும் குச்சியால், ஓரமாக, மெதுவாகத் தூசியைக் கிளறி வெளியே எடுங்கள். ஊக்கு, ஊசி, ஹேர்பின் எதுவும் கூடவே கூடாது. இப்போது வரும் டைப்-சி துளையின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கிறது. அது ஒடிந்தால் செலவு. வாயால் ஊதுவதும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

மழையில் நனைந்திருந்தாலோ, மருந்து அடிக்கும்போது தண்ணீர் பட்டிருந்தாலோ, ஒயரைச் சொருகவே கூடாது. துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, காற்றோட்டமான நிழலில் வைத்து விடுங்கள். அரிசிப் பானைக்குள் போனைப் புதைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அது வேண்டாம். அரிசித் துணுக்குகள் துளைக்குள் போய்க் கெடுதல் செய்யும் என்று ஐபோன் செய்கிற ஆப்பிள் கம்பெனியே 2024-இல் தன் அறிவுரையில் சொல்லியிருக்கிறது.

ஐந்தாவது படி: கம்ப்யூட்டரின் துபாஷி

இவ்வளவும் பார்த்தாகிவிட்டது. ஒயர் நல்லது, துளை சுத்தம், அனுமதியும் கொடுத்தாயிற்று. அப்படியும் வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்குப் போனின் மொழியை எடுத்துச் சொல்ல உள்ளே ஒரு துபாஷி இருக்கிறது. டிரைவர் என்று பெயர். இது சில சமயம் கெட்டுப் போகும். பார்க்கிற வழி இதுதான்: திரையின் கீழே உள்ள ஸ்டார்ட் பொத்தானின் மேல் மவுஸின் வலப்பக்கத்தை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் 'டிவைஸ் மேனேஜர்' என்பதைத் திறங்கள். 'போர்ட்டபிள் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழோ, அல்லது வேறிடத்திலோ, உங்கள் போனின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி இருந்தால் துபாஷியில்தான் கோளாறு.

அந்தப் பெயரின் மேல் மவுஸின் வலப்பக்கத்தை அழுத்தி 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுங்கள். பயப்பட வேண்டாம், இதனால் போனில் உள்ள எதுவும் அழியாது. கம்ப்யூட்டரிலுள்ள துபாஷி மட்டும்தான் நீங்கும். பிறகு ஒயரைப் பிடுங்கி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, போனின் பூட்டைத் திறந்து மீண்டும் சொருகுங்கள். விண்டோஸ் தானாகவே புது துபாஷியை அமர்த்திக்கொள்ளும்.

'யூ.எஸ்.பி. டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு' என்று செய்தி வந்தால், கம்ப்யூட்டருக்கு ஏதோ செருகப்பட்டது தெரிகிறது, ஆனால் இன்னதென்று தெரியவில்லை என்று பொருள். அப்போதும் முதலில் ஒயரையும் துளையையும் மறுபடி பார்த்துவிட்டு, அப்புறம்தான் டிரைவருக்குப் போக வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை. உங்கள் போனை வேறொரு கம்ப்யூட்டரிலும், வேறொரு போனை உங்கள் கம்ப்யூட்டரிலும், அதே நல்ல ஒயரால் இணைத்துப் பாருங்கள். உங்கள் போன் எங்கேயும் வரவில்லை, மற்றப் போன் எல்லா இடத்திலும் வருகிறது என்றால், உங்கள் போனின் சார்ஜ் துளைதான் பழுது. அப்போது தெரிந்த மெக்கானிக்கிடம் போகலாம். 'சார்ஜிங் போர்டைப் பாருங்கள்' என்று நீங்களே சொல்லலாம்.

ரீசெட் என்ற சொல்லைக் கேட்டால் நில்லுங்கள்

இந்த உரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். 'ஃபேக்டரி ரீசெட்' என்றால் போனைக் கடையில் வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டு போவது. உள்ளே இருக்கிற படம், காகிதம் அத்தனையும் போய்விடும். இப்போது வரும் போன்களில் அப்படிப் போனதைத் திரும்ப எடுக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், புயலில் விழுந்த தன் தென்னந்தோப்பைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து வைத்திருந்தார். அதே போனில் காலமான அவர் மனைவியின் படங்களும் இருந்தன. கம்ப்யூட்டரில் போன் வரவில்லை என்று ஒரு கடைக்குக் கொண்டு போனார். "ரீசெட் பண்ணினா சரியாயிடும் பெரியவரே" என்று சொல்லிச் செய்துவிட்டார்கள். தோப்பும் போயிற்று, படமும் போயிற்று. பிறகு பார்த்தால் பழுது ஒயரில். தென்னையை மறுபடி நட்டுவிட்டார். அந்த அம்மாளின் படத்துக்கு என்ன செய்வது?

ஆகவே யார் சொன்னாலும், உள்ளே இருப்பதை வெளியே எடுக்காமல் ரீசெட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். திரை உடைந்து ஒன்றுமே தெரியாத போனாக இருந்தாலும் அப்படித்தான். பூட்டைத் திறந்தால்தான் படம் கிடைக்கும், பூட்டைத் திறக்கத் திரை வேண்டும். எனவே முதலில் திரையை மாற்றச் சொல்லுங்கள். செலவானாலும் படம் தங்கும்.

ஒயர் இல்லாமலும் வழி உண்டு

அவசரத்துக்கு ஒயர் கைகொடுக்கவில்லை என்றால் மாற்று வழிகள் இருக்கின்றன. படங்கள் மெமரி கார்டில் இருந்தால், போனை அணைத்துக் கார்டை எடுத்து, கார்டு ரீடரில் போட்டுக் கம்ப்யூட்டரில் சொருகலாம். கம்ப்யூட்டரிலும் புளூடூத் இருந்தால் அதன் வழியாகவும் அனுப்பலாம். சற்று மெதுவாகப் போகும்.

வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதானால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். எந்தத் தேதியில், எந்த இடத்தில் எடுத்தது என்று படத்துக்குள்ளே பதிந்திருக்கும் குறிப்பும் போய்விடும். சேதத்துக்கு அத்தாட்சியாகக் காட்ட வேண்டிய படத்தில் அந்தக் குறிப்புதானே முக்கியம்? ஆகவே 'டாக்குமெண்ட்' என்ற தேர்வின் வழியாக அனுப்புங்கள். படம் எடுத்தபடியே போகும்.

இன்னொன்று. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை போன்ற காரணத்தால் தனி வயலில் வரும் சேதத்தையும், அறுத்து வயலில் உலர்த்தப் போட்ட விளைச்சலில் புயல் மழையால் வரும் சேதத்தையும் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். போன் கம்ப்யூட்டரில் வரவில்லையே என்று அந்த நேரத்தைக் கடத்திவிடாதீர்கள். 14447 என்ற எண்ணுக்குப் பேசித் தகவலை முதலில் பதிவு செய்யுங்கள். படத்தை மாற்றுகிற வேலை பிறகு நடக்கட்டும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

போன் கம்ப்யூட்டரில் தெரிய ஆரம்பித்ததும், 'திஸ் பி.சி.' என்பதைத் திறந்து போனின் பெயரைத் தொடுங்கள். உள்ளே 'டி.சி.ஐ.எம்.' என்ற பையில் 'கேமரா' என்று இருக்கும். நீங்கள் எடுத்த படங்கள் அங்கேதான். 'கட்' கொடுக்காதீர்கள், 'காப்பி' கொடுங்கள். நடுவில் ஒயர் கழன்றாலும் போனில் இருப்பது அப்படியே இருக்கும். ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கில் மாற்றாமல், நூறு நூறாக மாற்றினால் நடுவில் நின்று போகாது. மாற்றிய படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகுதான் போனில் அழிக்க வேண்டும். ஒரு பென் டிரைவிலும் இன்னொரு படி வைப்பது நல்லது. ஒரே குதிரில் அத்தனை விதையையும் யாரும் கொட்டி வைப்பதில்லை.

வெளியில் கம்ப்யூட்டர் சென்டரில் மாற்றினால், ஆதார், பாஸ்புக் படங்களை அந்தக் கம்ப்யூட்டரில் விட்டுவிட்டு வராதீர்கள். வேலை முடிந்ததும் உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். சிலர் போனில் 'யூ.எஸ்.பி. டிபக்கிங்' என்பதைத் திறந்துவிடுவார்கள். படம் மாற்றுவதற்கு அது தேவையில்லை. திறந்திருந்தால் மூடச் சொல்லுங்கள். முன்பின் தெரியாதவர் போனில் கூப்பிட்டு, "இந்தச் செயலியைப் போடுங்க, நான் இங்கேயிருந்தே சரி பண்ணித் தர்றேன்" என்றால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். குறி போன் மேல் இல்லை, உங்கள் வங்கிக் கணக்கின் மேல்.

சுருக்கமாகச் சொன்னால்: பூட்டைத் திறந்து அனுமதி, அடுத்து ஒயர், அடுத்து துளையும் ரீஸ்டார்ட்டும், அடுத்து தூசி, கடைசியில் டிரைவர். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளைகளையும் கூட உட்கார வைத்துக்கொண்டு, அறுவடைக்குள் ஒருநாள் எல்லாப் படங்களையும் காகிதங்களையும் பத்திரமாக மாற்றிவிடுங்கள். அதிலும் ஐயம் இருந்தால், உங்கள் பகுதி வேளாண்மை அலுவலகத்துக்குப் போனையும் ஒயரையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒயரை மறந்துவிட வேண்டாம். நாங்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.